மாலையில் பேசும் அடுப்பு

அத்தியாயம் ஏழு

ஒரு பெண் தன் தங்கையின் புருஷனைக் கொலைகாரன் என்கிறாள். சாட்சி யார் என்று கேட்டால் அடுப்பு என்கிறாள். இந்த வழக்கை எடுக்கலாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் மேடம் எடுத்துவிட்டார்.

அந்தப் பெண் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸ். தங்கைக்கு முப்பத்தெட்டு வயது. நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, சமையலறையில் விழுந்து இறந்துபோனாள். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டு காஸ் அடுப்பு தானாகப் பொறி தட்ட ஆரம்பித்தது. யாரும் திருகாமல், தினமும் மாலையில், டிக், டிக், டிக் என்று.

"என் தங்கச்சி ஏதோ சொல்ல வரா. அந்தாளு என்னமோ பண்ணியிருக்காரு. பாப்பாவ நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். ஒம்பது வயசுப் புள்ளைய அந்த வீட்டுல எப்படி விடறது? இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒரு வழி சொல்லணும். இல்லன்னா நாளைக்குக் காலையில போலீஸுக்குப் போறேன். அப்புறம் கோர்ட்டு. புள்ள என்கிட்டதான் இருக்கும்."

சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். ஆக, எங்கள் கையில் இருந்தது ஒரு அரை நாள்; அதில் ஒரு தகப்பனுக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்பது முடிவாக வேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டினேன். பின்னால் படுத்திருப்பவர்கள் பேச மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கும் சேர்த்து நானே பேசிப் பழகிவிட்டேன். அதனால் 'ரேடியோ' என்று பெயர். மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்துகளை விசாரித்தவர். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார், நான் அவருக்கு உதவி. என்னைவிடப் பத்து வயது சிறியவர். அவர் பேசினால் நாலு வார்த்தை, அதில் இரண்டு 'ரேடியோ, போதும்.'

*

நாலு மணிக்கு அந்தத் தங்கை புருஷனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனோம். சுவர் முழுக்க வெறும் பிரேம்கள். முகமில்லாத இருநூறு பேர் முறைப்பது போல இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை.

கடைக்காரர் ஒல்லி. சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார். நாங்கள் யார் என்று சொல்வதற்கு முன்பே அவர் கை நீண்டு என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டது.

"மன்னிக்கணும். இத மாட்டிக்கிட்டு எப்படிங்க ரோட்டுல நடக்கறீங்க?"

ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலை எடுத்துக் கண்ணாடிமேல் மூன்று தடவை அடித்தார். வழுவழுப்பான துணியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்தி இல்லை, இன்னும் இரண்டு தடவை அடித்தார், துடைத்தார். பிறகு என் மூக்கில் திருப்பி மாட்டினார். உலகமே கழுவி வைத்தது போல ஆகிவிட்டது. கடைக்காரர் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. மனிதர் தூங்கிப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

மேடம் விஷயத்தைச் சொன்னார். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அக்கா அனுப்பினாங்களா? அவங்க மேல தப்பில்லைங்க. கேளுங்க, சொல்றேன்."

"அடுப்பு எப்போ சத்தம் போட ஆரம்பிக்கும்?"

"நான் வீட்டுக்குள்ள போனதும். ஆறரை மணிக்குக் கதவத் திறப்பேன், வாசல்ல இருக்கற மெயின் சுவிட்சப் போடுவேன், செருப்பக் கழட்டறதுக்குள்ள ஆரம்பிச்சிடுவா."

'ஆரம்பிச்சிடுவா' என்றார். அடுப்பை அப்படிச் சொல்லும்போது அவருக்கு ஒரு தடுமாற்றமும் இல்லை.

"வெளிய போறப்ப மெயின நிறுத்திடறீங்களா?"

"அவ போனதுல இருந்து எல்லாத்துக்கும் பயம்ங்க. காஸ், கரண்ட்டு, தண்ணிக்குழாய், எல்லாத்தையும் மூடிட்டுத்தான் கிளம்பறேன்."

"அந்த அடுப்புல யாரு சமைக்கறாங்க?"

"யாரும் இல்ல. நாலு மாசமா அதுல தண்ணிகூடச் சுட வெக்கல. நான் வெளிய சாப்பிட்டுக்கறேன். மெக்கானிக் வந்து பாக்கறதோட சரி, வேற யாரும் தொடறதில்ல."

"எவ்வளவு நேரம் சத்தம் கேக்கும்?"

"சில நாள் அரை மணி. சில நாள் ராத்திரி வரைக்கும் விட்டு விட்டு. ஞாயித்துக்கிழமை மட்டும் பேச மாட்டா."

மேடத்தின் பேனா நின்றது. "ஞாயித்துக்கிழமை ஒரு தடவகூட?"

"ஒரு தடவகூட."

"என்ன பேசறாங்க உங்ககிட்ட?"

அவர் துணியை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

"திட்டறா," என்றார்.

எதற்கு என்று கேட்பதற்குள் ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்துவிட்டார். அவருக்குப் பிரேம் காட்டக் கடைக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்தபோது உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி இருந்தது. ஊதா பிரேம், ஒட்டி வைத்த சீட்டில் 'பாப்பா' என்று எழுதியிருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"பவர் மாறியிருக்கும்," என்றார். "அளக்கணும்னா அவ வரணும்." இழுப்பறையை மூடிவிட்டார்.

*

"மேடம், இந்த ஆளு கொலைகாரன்னா நான் மொட்டை அடிச்சுக்கறேன்," என்றேன் வெளியே வந்ததும்.

"உங்களுக்கு ஏற்கெனவே முக்கால்வாசி போயாச்சு ரேடியோ. வேற ஏதாவது பந்தயம் கட்டுங்க."

அடுப்பு மெக்கானிக்கின் பட்டறை ஒரு குறுகிய சந்தில், சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் இருந்தது. வயிறு கிழிக்கப்பட்ட அடுப்புகள் தரையெல்லாம் கிடந்தன. மெக்கானிக் தடித்த மனிதர். அந்த வீட்டைப் பற்றிச் சொன்னதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ்ங்க. ஒரு அடுப்பு என்ன ஏமாத்தினதில்ல. இது ஏமாத்துது. சுவிட்ச மாத்தினேன். பொறி தட்டற பெட்டிய மாத்தினேன். வயர மாத்தினேன். பர்னர் மூடி நாலையும் மாத்தினேன். இனி மாத்தறதுக்கு அந்த வீட்டுக்காரர் மட்டும்தான் பாக்கி."

"சாதாரணமா எதனால இப்படி விடாம தட்டும்?" என்று மேடம் கேட்டார்.

கேள்வி கிடைத்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மூணு காரணம்தாங்க. பர்னர் மூடி கோணலா உக்காந்திருக்கும், நேரா வெச்சா சரியாயிடும். இல்ல சுவிட்ச் செத்திருக்கும், மாத்தணும். ஆனா பத்துக்கு எட்டு, ஈரம். பால் பொங்கி, திருகற நாப்ப ஒட்டி உள்ள இறங்கிடும். இல்ல கழுவறேன்னு தண்ணியக் கொட்டியிருப்பாங்க. நாப்புக்கு அடியில இருக்கற சுவிட்ச் நனைஞ்சா, யாரோ நாப்ப அமுக்கிப் பிடிச்சிருக்கற மாதிரி அதுவா நெனச்சுக்கும். அப்புறம் காயற வரைக்கும் டிக் டிக்தான். நாலு பர்னருக்கும் ஒரே பெட்டி. ஒரு சுவிட்ச் நனைஞ்சாப் போதும், நாலுலயும் பொறி வரும்."

"இதுக்கு பேட்டரியா?"

"இல்ல, சுவத்துல இருந்து நேரா கரண்ட்டு."

"ஈரம் இருந்துச்சா?"

"எங்க இருந்துச்சு? காலையில எட்டு மணிக்கு, அவரு கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி போவேன். எல்லாம் காஞ்சு சுக்கா இருக்கும். அம்பது தடவ போட்டு அணைப்பேன். சொன்ன பேச்சு கேக்கும். சாயங்காலம் போன் வரும், திரும்பத் தட்டுதுன்னு. சமைக்காத வீட்டுல ஈரம் எங்கிருந்துங்க வரும்?"

"ஆவிக்கு வேர்த்திருக்கும்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்க. ஒரு விஷயம் சொல்றேன். என் கை எப்பவும் எண்ணெக் கை. நாப்ப மாட்டறப்ப விரல் தடம் அப்படியே பதியும். அடுத்த தடவ போய்ப் பாத்தா, தடம் இருக்காது. அடுப்பு புதுசு மாதிரி பளபளன்னு இருக்கும். அவரு யாரும் தொடறதில்லங்கறாரு. அப்ப யாருங்க துடைக்கறது?"

அந்தப் பட்டறையில் நல்ல வெயில் இருந்தது. இருந்தும் நான் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். ஆம்புலன்ஸில் எத்தனையோ சாவைப் பார்த்தவன் நான். செத்தவர்கள் அமைதியாக இருக்கும்வரை எனக்கு அவர்களிடம் பயமில்லை. வீட்டு வேலை செய்ய ஆரம்பித்தால்தான் பயம்.

*

அடுக்குமாடிக் கட்டடத்தின் படியேறும்போது மேடம் திடீரென்று நின்றார்.

"ஞாயித்துக்கிழமை லீவு எடுக்கற ஆவியப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"ஏதாவது ஆபீஸ்ல வேலை பாத்துச் செத்திருக்கும் மேடம்."

"அந்தம்மா வீட்டுலயேதான் இருந்தாங்க. வீட்டுல வேலை செய்யற பொம்பளைக்கு எந்த ஊர்ல ஞாயித்துக்கிழமை லீவு? அன்னிக்குத்தான் வேலை ஜாஸ்தி."

"அதுக்கு?"

"அப்ப லீவு எடுக்கறது அவங்க இல்ல. வேற யாரோ."

மேலே நர்ஸ் யூனிபாரத்தோடு நின்றிருந்தார். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடிக்காரர் மூச்சு வாங்க வந்தார். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

"திறக்கச் சொல்லுங்க அவர," என்றார் நர்ஸ் மேடத்திடம்.

கதவு திறந்தது. உள்ளே நல்ல இருட்டு. எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. பல மாதம் அடுப்பு எரியாத வீட்டின் வாடை, அதற்கு நடுவே லேசாக வேறு ஏதோ ஒரு மணம். கண்ணாடிக்காரர் வாசலுக்குப் பக்கத்தில் கையை வைத்து மெயின் சுவிட்சை மேலே தள்ளினார்.

ஒரு விளக்கு எரிந்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை.

டிக்.

டிக். டிக். டிக். டிக்.

கூடத்தின் கடைசியில் சமையலறை இருட்டாக இருந்தது. அந்த இருட்டில் நீலமாக நாலு பொறி ஒரே சமயத்தில் தோன்றி மறைந்தது. மறுபடி தோன்றியது. ஒவ்வொரு பொறிக்கும் சுவர்த் தட்டில் இருந்த டம்ளர்கள் ஒரு கணம் தெரிந்து மறைந்தன. நான் தைரியசாலி என்று வெளியில் சொல்லிக்கொள்வது உண்டு. அன்றைக்கு மேடத்துக்குப் பின்னால்தான் நின்றேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

நர்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்குதா? சின்ன வயசுல அவளுக்குக் கோவம் வந்தா பேச மாட்டா. நாக்க மேல ஒட்டி இதே மாதிரிதான் சத்தம் பண்ணிட்டே இருப்பா. அம்மா அடிச்சாலும் நிறுத்த மாட்டா."

கண்ணாடிக்காரர் செருப்பைக் கழற்றாமலே சமையலறை வாசலுக்குப் போய் நின்றார். தலை குனிந்திருந்தது. வாய்க்குள் ஏதோ சொன்னார். எனக்கு "சரிம்மா... சரிம்மா..." என்று மட்டும்தான் கேட்டது.

மேடம் நேராகப் போய் முதலில் காஸ் சிலிண்டரைக் குனிந்து பார்த்தார். மூடித்தான் இருந்தது. அப்புறம்தான் விளக்கைப் போட்டார்.

எல்லாமே விட்டது விட்டபடி கிடந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு கூந்தல் கிளிப், அதன் மேல் தூசி. கவிழ்த்து வைத்த டம்ளர்கள் மேல் தூசி. காலி பிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்றது. அதன் தட்டில்கூடத் தூசி. நடுவில் அந்தக் கண்ணாடித் தள அடுப்பு மட்டும் என் முகம் தெரியும் அளவுக்குச் சுத்தமாக, டிக் டிக் என்று பேசிக்கொண்டிருந்தது. நான் அதில் குனிந்து பார்த்தேன். பயந்துபோன ஒரு வழுக்கைத்தலை என்னை நிமிர்ந்து பார்த்தது.

"ரேடியோ, அழறீங்களா?"

கன்னத்தைத் தொட்டேன். ஈரம். ஒரு சொட்டு மூக்கோரமாக இறங்கியிருந்தது.

"நான் அழல மேடம். கண்ணாடிதான் அழுது."

மேடம் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு என் முகத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினார். அன்றைக்கு எல்லோருக்கும் என் கண்ணாடிமேல்தான் கண். பிரேமை உதறினார். கண்ணாடி உட்காரும் பள்ளத்திலிருந்து இன்னொரு சொட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இவர் கடையில துடைச்சு எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டரை மணி நேரம்."

மேடம் வாசலுக்குப் போய் மெயினை நிறுத்திவிட்டு வந்தார். டார்ச் வெளிச்சத்தில் அடுப்பின் மூன்றாவது குமிழை இழுத்துக் கழற்றினார். குமிழுக்குள்ளிருந்து ஒரு சின்ன ஈர வளையம் கண்ணாடித் தளத்தில் இறங்கியது. அதையும் விரலில் தொட்டு முகர்ந்தார். என் பக்கம் நீட்டினார். என் கண்ணாடியிலிருந்து சொட்டியதன் அதே மணம். வீட்டுக்குள் நுழைந்தபோது மூக்கில் பட்டதும் அதுதான்.

"காலையில கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி என்னென்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க," என்றார் கண்ணாடிக்காரரிடம்.

"குளிப்பேன். சட்டை போடுவேன். கண்ணாடியத் துடைப்பேன். காஸ் பாப்பேன். மெயின நிறுத்துவேன். பூட்டுவேன்."

"எத்தன கண்ணாடியத் துடைப்பீங்க?"

அவர் தன் மூக்குக்கண்ணாடியைத் தொட்டார். பிறகு அவர் பார்வை மெல்ல அடுப்புக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"அதையும்தான்," என்றார்.

"யாரும் தொடறதில்லன்னு சொன்னீங்க."

"பொய் சொல்லலங்க. ஒரு நாளைக்கு நூறு கண்ணாடி துடைக்கறேன். துடைக்கறது எனக்கு ஒரு வேலையாவே தோணறதில்ல. மூச்சு விடற மாதிரி. யாராவது கேட்டா அத எப்படிங்க ஞாபகம் வரும்?"

"எத்தன தடவ அடிப்பீங்க அந்த பாட்டில?"

"மொதல்ல ரெண்டு மூணு. இப்பல்லாம்... நாப்பச் சுத்தி நல்லாவே அடிப்பேன். விளிம்புலதான் அழுக்கு நிக்கும்."

மேடம் நர்ஸ் பக்கம் திரும்பினார். இதை அவருக்குத்தான் சொன்னார்.

"இவரு அடிக்கற தண்ணி குமிழ் வழியா சுவிட்சுக்கு இறங்குது. அந்த வழுவழுப்புத் துணி மேலாப்புல பளபளப்பாக்கும், உள்ள போனத உறிஞ்சாது. அப்பவே தட்டியிருந்தா இவருக்கே புரிஞ்சிருக்கும். ஆனா உடனே மெயின நிறுத்திட்டுப் போயிடறாரு. மூடின வீட்டுல சாயங்காலம் வரைக்கும் ஈரம் அப்படியே நிக்குது. வந்து மெயின் போட்டதும் தட்டுது. ராத்திரி காஞ்சிடுது. காலையில மெக்கானிக் வந்தா ஒண்ணும் இருக்காது. அவரு போனதும் அவரோட விரல் தடத்தத் துடைக்கறதுக்கு இவரு இன்னும் நாலு தடவ அடிக்கறாரு."

"ஞாயித்துக்கிழமை?" என்றேன் நான்.

"கடை லீவு. கிளம்பறதில்ல. கிளம்பாத அன்னிக்குத் துடைக்கறதும் இல்ல. அப்படித்தானே?"

கண்ணாடிக்காரர் தலையாட்டினார்.

"நாலு மாசமா சமைக்காத அடுப்ப எதுக்குத் துடைக்கணும்?" நர்ஸின் குரல் இன்னும் இறங்கவில்லை. "எத மறைக்கறதுக்கு?"

அவர் அடுப்பைப் பார்த்தே சொன்னார்.

"அன்னிக்குக் காலையில பால் பொங்கி ஊத்திடுச்சுக்கா. நான்தான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். 'கிளம்பறதுக்கு முன்னாடி அடுப்பத் துடைச்சிட்டுப் போங்க, எனக்கு இன்னிக்கு உடம்பு முடியல'ன்னா. எப்பவும் சொல்றதுதான். 'வந்து துடைக்கறேன்'னு சொல்லிட்டுப் போயிட்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டுலருந்து போன் வந்துச்சு. ஓடி வந்தேன். கீழ கிடந்தா. கையில துணி இருந்துச்சு. அடுப்புல பாதி துடைச்சிருந்தா."



"அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் துடைக்காமக் கிளம்பினதில்ல. ஆனா சாயங்காலம் வந்தா திட்டறா. சரியாத் துடைக்கலன்னு நெனச்சேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் அடிப்பேன். அன்னிக்கு இன்னும் ஜாஸ்தியாத் திட்டுவா."

நாலு மாதமாக அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். கேட்ட மன்னிப்பே மாலையில் திரும்பி வந்து அவரைத் திட்டியிருக்கிறது. இப்படி ஒரு தண்டனையை எந்த நீதிபதியும் எழுதியிருக்க மாட்டார்.

மேடம் என்னிடம் ஒரு பருத்தித் துண்டைக் கொடுத்தார். நாலு குமிழையும் கழற்றி, தண்டைச் சுற்றித் துடைத்து, துணி முனையை முறுக்கி உள்ளே விட்டு ஈரத்தை எடுத்தேன். ஜன்னல்களைத் திறந்தோம். மெயினைப் போட்டோம், அடுப்பு மறுபடி தட்டியது, ஆனால் இப்போது விட்டு விட்டு. கூடத்து மேஜை விசிறியைக் கொண்டுவந்து அடுப்புக்கு நேராக வைத்தேன். டிக், டிக் என்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டிக். அப்புறம் நெடுநேரம் கழித்து ஒன்று.

இருபது நிமிஷத்தில் நின்றுவிட்டது.

விசிறியை நிறுத்தினேன். வீட்டில் அப்படி ஓர் அமைதி. கீழ் வீட்டில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. வழக்கு முடிந்தது என்று நினைத்தேன். நர்ஸ் இனி ஒரு பாட்டம் கத்துவார், 'உடம்பு முடியலன்னு சொன்னவள விட்டுட்டுப் போனியே' என்று பிடித்துக்கொள்வார், அதையும் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கத்தவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் சாய்ந்து, அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்தார். வெள்ளை யூனிபாரத்தில் தூசி ஒட்டியதைக்கூடப் பார்க்கவில்லை.

"உடம்பு முடியலன்னு உங்ககிட்ட சொன்னாளா?"

"சொன்னாக்கா."

"என்கிட்டயும் சொன்னா. முந்தின நாள் சாயங்காலம். போன்ல. நெஞ்சு எரியுதுக்கா, இடது தோள் கனமா இருக்குன்னா. நான் வார்டுல இருந்தேன். வாயுவா இருக்கும்டி, ஒரு மாத்திரை போட்டுட்டுப் படுன்னு சொல்லி வெச்சுட்டேன். இருபது வருஷமா நர்ஸ் நான். இடது தோள்னு வேற யாராவது சொல்லியிருந்தா உடனே ஆம்புலன்ஸ் அனுப்பியிருப்பேன்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அன்று மாலை அவர்கள் முகம் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க ஏதாவது பண்ணியிருந்தீங்கன்னா, நான் பண்ணலன்னு ஆயிடும்," என்றார் நர்ஸ். "அவ்வளவுதான் மாப்பிள. அதுக்குத்தான் இவ்வளவும்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எங்கே திரும்புவது என்று தெரியவில்லை. நர்ஸ் கையை நீட்டினார்.

"அந்த பாட்டில் எங்க? ஒரே ஒரு தடவ அடிங்க. அவகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். சொன்னதும் துடைச்சிடலாம்."

பாட்டில் அலமாரியில்தான் இருந்தது, கண்ணாடிக்காரர் கைக்கு எட்டும் தூரத்தில். அதை எடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கும் அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. இந்த வீடு இனி எத்தனை மாலை இப்படிச் சும்மா இருக்கும் என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும்.

அவர் நர்ஸுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வேண்டாம்க்கா. நாலு மாசமா நான் சொல்லிப் பாத்துட்டேன். அது சுவிட்சுதான்."

நர்ஸ் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தமில்லாமல், ஆஸ்பத்திரிக்காரர்கள் அழுவது போல. வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார். வீட்டுக்குப் போட்டு, பாப்பாவைக் கூப்பிடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார்.

"பெரியம்மா?"

நர்ஸ் போனைக் கண்ணாடிக்காரர் பக்கம் தள்ளினார்.

"பாப்பா, அப்பாடா."

"அப்பா, அடுப்பு இன்னிக்கும் தட்டிச்சா?"

"நின்னுடுச்சுடா. அப்பா தண்ணி விட்டதால தட்டியிருக்கு. இனிமே தட்டாது. பெரியம்மா நாளைக்கு உன்னக் கூட்டிட்டு வராங்க."

நர்ஸ் தலையாட்டினார். குழந்தை சந்தோஷத்தில் குதிக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் வந்த குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"இனிமே தட்டவே தட்டாதாப்பா? அம்மாகிட்ட சொல்றதுக்கு நான் ஒண்ணு வெச்சிருந்தேன்."

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டார்.

"அப்பாகிட்ட சொல்லுடா," என்றார். "அப்பா கேக்கறேன்."

பாப்பா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. மேடம் என் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்துவிட்டார். படியில் இறங்கும்போது நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மேடமும் போதும் என்று சொல்லவில்லை.